அண்ணன் 94 கிலோ, சுகர் இல்ல. நான் 66 கிலோ, எனக்கு சுகர். எப்படிங்க இது?

நூல்கண்டு:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், வயசு 41, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. போன மாசம் கம்பெனில எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனக்கு வெறும் வயித்துல 162, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 258, ஏ1சி (ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகர்) 8.1. நம்பாம வேற லேப்ல போய் எடுத்தேன், அங்கயும் ஏறக்குறைய அதேதான்.

எனக்கு என்ன கொழப்பம்னா, எங்கண்ணன் 94 கிலோங்க. உயரம் 180. டீக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கறவரு, பரோட்டா கடைய தாண்டி சும்மா வரமாட்டாரு, அவருக்கு டெஸ்ட் எடுத்தா நார்மல்ங்கறாங்க. நான் ஸ்வீட்டே அதிகமா தொடமாட்டேன், சின்ன வயசுல இருந்து ஒல்லின்னுதான் பேரு, எனக்கு வந்துருச்சு.

டாக்டரு மெட்ஃபார்மின் 500 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு எழுதிட்டு "அஞ்சாறு கிலோ கொறைங்க"ன்னு சொல்லிட்டாரு. வீட்ல வந்து சொன்னா அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க, ஏற்கனவே கன்னம் ஒட்டிக் கெடக்குது இதுல எங்கிருந்து கொறைக்கறதுன்னு. நெட்டுல பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கற கணக்கு, போட்டா 23.4, நார்மல்னு பச்சைக் கலர்ல காட்டுது.

இன்னொண்ணு, டெஸ்டுக்கு முன்னாடியே கொஞ்ச மாசமா எடை தானா எறங்கிட்டு இருந்துச்சு, 70 கிட்ட இருந்தவன் நான். எடை குறைஞ்சா சுகர் குறையும்னுதான எல்லாரும் சொல்றாங்க, எனக்கு எடை குறையக் குறைய சுகர் வந்திருக்கு, தலைகீழா இல்ல இருக்கு? புரியற மாதிரி யாராச்சும் சொல்லுங்க.


ஊசிகுத்தும்_அக்கா:

தம்பி, நான் மதுரைல லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அதை மொதல்ல சொல்லிக்கிறேன். ஆனா தினமும் இந்த பேப்பரத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒல்லியா வர்றவங்களுக்கு 250, 300னு வர்றது எங்களுக்கு ஆச்சரியமே இல்ல.

நீங்க பாத்த பிஎம்ஐ பச்சைக் கலரு வெள்ளக்காரங்களுக்கு வச்ச அளவு. அவங்களுக்கு 25 வரைக்கும் நார்மல், 30 தாண்டுனாத்தான் ஒபிசிட்டி. நமக்கு 23லயே அதிக எடை ஆரம்பிச்சுருது, 25னா ஒபிசிட்டி கணக்கு. 2009லயே நம்ம நாட்டு டாக்டருங்க கூடி இதைத்தான் முடிவு பண்ணாங்க. அப்ப 23.4ங்கிறது கோட்ட லேசா தாண்டி நிக்குது, அம்மாட்ட சொல்லாதீங்க :)

ஏன் நமக்கு மட்டும் தனி அளவுன்னு கேப்பீங்க. 2004ல லான்செட் பத்திரிகைல ஒரு போட்டோ வந்துச்சு, ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி. ஒருத்தரு புனேல இருக்கற யாஜ்னிக், இன்னொருத்தரு லண்டன்ல யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, புள்ளி மாறாம ஒண்ணு. உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2 சதவீதம். மெஷின்ல ஒரே எடை, உள்ள இருக்கறது வேற. நம்மள்ல நெறய பேரு அந்த யாஜ்னிக் கேஸுதான், கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தனியா.

அதனால எடைய விடுங்க, இடுப்ப அளந்து சொல்லுங்க. பேன்ட் சைஸ் சொல்லக்கூடாது, அது தொப்பைக்கு கீழ நிக்கிறது. தையக்கார டேப் எடுத்து கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு, வயித்த உள்ள இழுக்காம. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போகக்கூடாது.

எடை தானா எறங்குனது நல்லதுன்னு நெனைக்காதீங்க. ரத்தத்துல சுகர் சுமாரா 180 தாண்டுனா கிட்னி அதைப் பிடிச்சு வைக்க முடியாம ஒண்ணுக்குல விட்டுரும். 50 கிராம் சர்க்கரை அப்படி போச்சுன்னா 200 கலோரி சாக்கடைல போச்சு, தண்ணியும் சேந்து போகும். இன்சுலின் பத்தாததுனால செல்லுக்குள்ளயும் சர்க்கரை போகாது, உடம்பு சொந்தக் கொழுப்பையும் தசையையும் கரைச்சு ஓட்டும். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு ஒண்ணுக்கு போனீங்களா, தாகம் எடுத்துச்சா? அப்படின்னா எடை குறைஞ்சதுனால சுகர் வரல, சுகர் வந்ததுனால எடை குறைஞ்சிருக்கு.


வெந்தயக்கீரை:

அலோபதில போனா வாழ்நாள் முழுக்க மாத்திரைதான். எடை, பிஎம்ஐ எல்லாம் மருந்து விக்க பண்ண வேலை. நம்ம தாத்தா காலத்துல எவன் பிஎம்ஐ பாத்தான். அரிசிய நிறுத்திட்டு ராகிக் கூழ் குடிங்க, ராத்திரி ஊறவச்ச வெந்தயம் காலைல, 48 நாள்ல மாத்திரைய தூக்கி எறிஞ்சுரலாம்.


சேலத்து_மாம்பழம்:

வெந்தயம் சாப்பிடறதுல ஒண்ணும் தப்பு இல்ல, நானும் சாப்பிடறேன், ஆனா 258 இருக்கற ஆளுகிட்ட மாத்திரைய தூக்கி எறின்னு சொல்றது சரியில்லைங்க. தாத்தா நாள் பூரா ஏர் ஓட்டுனாரு, நம்ம எக்செல் ஓட்டறோம். ராகிக் கூழ் பத்தி கீழ யாராச்சும் வெவரமா சொல்லுவாங்க, ஒரு டம்ளர் குடிச்சுட்டு என் மெஷின்ல குத்திப் பாத்தப்ப வந்த நம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.


நூல்கண்டு:

அக்கா ரொம்ப நன்றிங்க. ராத்திரி மூணு நாலு வாட்டி எந்திரிச்சது நெசந்தான், ஏசி ரூமுன்னு நெனச்சுட்டு இருந்தேன். இடுப்பு நீங்க சொன்ன மாதிரி அளந்தா 94 சென்டிமீட்டர், 37 இன்ச் வருது. என் பேன்ட் சைஸ் 34ங்க! அப்பறம் ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு ஒண்ணுன்னு எழுதியிருந்தாங்க, அதை யாரும் பெருசா கண்டுக்கல, நானும் கண்டுக்கல. அப்பாவுக்கு சுகர், அத்தைக்கு சுகர்.

அண்ணனுக்கு வெறும் வயித்துல மட்டும் பாத்திருக்காங்க, 104. பேப்பர்ல 110 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. அவரு விசைத்தறி வச்சிருக்காரு, நாள் முழுக்க நின்னுட்டும் நடந்துட்டும்தான் இருப்பாரு. நான் உக்காந்த எடம்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல பையர் கால் முடிச்சுட்டு சாப்பாடு.


ஊசிகுத்தும்_அக்கா:

அண்ணன் மேட்டர் அங்கதான் இருக்கு பாருங்க. 110 வரைக்கும் நார்மல்னு உலக சுகாதார நிறுவனத்து கணக்கு, அமெரிக்க கணக்குல 100லயே கோடு போட்டுருவாங்க, 100லேருந்து 125 வரைக்கும் ப்ரீடயபடிஸ், அதாவது சுகருக்கு முந்தின கட்டம். ஒவ்வொரு லேப் பேப்பர்ல ஒவ்வொண்ணு அச்சடிச்சிருப்பாங்க. வெறும் வயித்து நம்பர் ஒண்ண மட்டும் வச்சு அவருக்கு சுகர் இல்லன்னு சொல்லிற முடியாது, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 140க்கு கீழ இருக்கா, ஏ1சி 5.7க்கு கீழ இருக்கா, ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க. 29 பிஎம்ஐ, அப்பாவுக்கு சுகர், வயசு நாப்பதுக்கு மேல, பாக்காம இருக்கக் கூடாத ஆளு. ஐசிஎம்ஆர்னு நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எடுத்த சர்வே 2023ல வந்துச்சுல்ல, நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர், அதை விட ஜாஸ்தியா 13 கோடிக்கு மேல ப்ரீடயபடிஸ். நம்ம தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு சுகர்.


தட்டுல_பாதி:

கோயம்புத்தூர்ல டயட்டீஷியனா இருக்கேன். ஒல்லியா இருக்கற எனக்கு ஏன், குண்டா இருக்கற அவருக்கு ஏன் இல்லங்கற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், படிக்க பொறுமை வேணும்.

கொழுப்பு எவ்வளவு இருக்குங்கறதை விட எங்க இருக்குங்கறதுதான் சங்கதி. தோலுக்கு அடில இருக்கற கொழுப்பு, தொடை, இடுப்பு பக்கத்துல இருக்கறது, அது பெரிசா தொந்தரவு பண்றதில்ல. அதை உங்க கம்பெனி குடோன்னு வச்சுக்கங்க. குடோன் பெரிசா இருந்தா பண்டல் எவ்வளவு வந்தாலும் உள்ள போயிரும், சின்னதா இருந்தா படிக்கட்டு, ஆபீஸ் ரூம், தையல் ஹால்னு வழியெல்லாம் அடுக்கி வேலையே நடக்காது. உங்க அண்ணனுக்கு குடோன் பெரிசு, உங்களுக்கு சின்னது. உங்களுக்கு வழிஞ்ச கொழுப்பு ஈரல்லயும் குடலைச் சுத்தியும் கணையத்துலயும் போய் உக்காந்திருக்கு. ஃபேட்டி லிவர் கிரேடு ஒண்ணுன்னு எழுதுனதை யாரும் கண்டுக்கலன்னீங்களே, எனக்கு அதுதான் உங்க ரிப்போர்ட்லயே முக்கியமான வரி. ஈரல்ல கொழுப்பு ஏறுனா அது இன்சுலின் சொல்றதைக் கேக்காது, ராத்திரி பூரா தானா சர்க்கரை தயாரிச்சு ரத்தத்துல விடும். காலைல ஒண்ணுமே சாப்பிடாம 162 எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இங்கிலாந்துல நியூகாஸில்ல ராய் டெய்லர்னு ஒரு பேராசிரியர் இதைத்தான் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றாரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனிக் கோடு, அதை தாண்டுனா சுகர், அந்தக் கோடு ஒருத்தருக்கு 110 கிலோவா இருக்கலாம் இன்னொருத்தருக்கு 62ஆ இருக்கலாம்னு. அவரும் கிளாஸ்கோ மைக் லீனும் சேந்து பண்ண 'டைரக்ட்'ங்கற பேரு வச்ச ஆய்வு 2017ல வந்துச்சு, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க, இன்சுலின் போடாதவங்க, மாத்திரைய மொத நாளே நிறுத்திட்டு கொஞ்ச மாசத்துக்கு ஒரு நாளைக்கு 850 கலோரி சூப்பும் ஷேக்கும் மட்டும். ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாம ஏ1சி 6.5க்கு கீழ வந்துருச்சு, 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம். ரெண்டாவது வருஷம் அது மொத்தமா 36 சதவீதமா எறங்குச்சு, அதையும் சொல்லணும்ல. ஆனா அவங்க எல்லாம் பிஎம்ஐ 27க்கு மேல. அப்பறம் நம்மள மாதிரி ஒல்லி ஆளுங்களுக்கு இது வேலைக்காகுமான்னு 27க்கு கீழ இருக்கற 20 பேர வச்சு தனியா பாத்தாங்க, 14 பேருக்கு சரியாச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா உங்க டாக்டரு அஞ்சாறு கிலோன்னு சொன்னது வாய்க்கு வந்ததை சொன்னது இல்லன்னு இதுல தெரியுது.

இதை நீங்களா வீட்ல 850 கலோரின்னு ஆரம்பிச்சுராதீங்க ப்ளீஸ். அவங்களுக்கு வாராவாரம் பாக்க ஆளு இருந்துச்சு. உங்களுக்கு சுகரும் 8.1ல இருக்கு, எடையும் தானா எறங்கியிருக்கு, மொதல்ல மாத்திரைல சுகரை கட்டுக்குள்ள கொண்டு வந்து அந்த ஒண்ணுக்குல போறது நிக்கணும், அப்பறம் இடுப்ப குறைக்கறது.

சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு பண்ணுன ஆய்வு 2006ல வந்துச்சு, வெளிநாட்டு ஆய்வ விட நம்ம ஆளுங்க பேச வேண்டியது அது. சுகர் எல்லைல இருந்த 531 பேர எடுத்து மூணு வருஷம் பாத்தாங்க. ஒண்ணும் பண்ணாம விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு சுகராவே ஆயிருச்சு. நடை, சாப்பாடுன்னு மாத்துனவங்களுக்கு அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது, மெட்ஃபார்மின் மட்டும் போட்டவங்களுக்கு 26.4. இதுல வேடிக்கை என்னன்னா நடந்து சாப்பாட்ட மாத்துனவங்களுக்கு எடை சொல்லிக்கற மாதிரி குறையவே இல்ல. குறையாமயே பலன் கெடச்சுது. அமெரிக்கால இதே மாதிரி பண்ணப்ப 58 சதவீதம் வந்துச்சு, அங்க எடைய குறைக்க வச்சாங்க. அதனால எங்கிட்ட வர்றவங்ககிட்ட மெஷின்ல முள்ளு அசையலன்னு நடக்கறத நிறுத்திராதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்லுவேன்.


நெல்லை_சீமை:

நான் ஒண்ணு கேக்கட்டா. எங்கப்பாவுக்கு மாத்திரை கேக்காம இன்சுலின் ஆரம்பிச்சாவ, ஆரம்பிச்ச ஆறு மாசத்துல அஞ்சு கிலோ கூடிட்டு. எடைய குறைன்னு சொல்லுத அதே டாக்டரே எடை கூட்டுத மருந்த குடுத்தா என்ன அர்த்தம்வே? அப்பா இன்சுலினே வேண்டாம்னு உக்காந்துருக்காவ.


தட்டுல_பாதி:

நியாயமான கேள்விதான். அதுவரைக்கும் ஒண்ணுக்குல போயிட்டிருந்த கலோரி எல்லாம் இன்சுலின் வந்ததும் உள்ளயே நிக்குது, அதே சாப்பாடு சாப்பிட்டா எடை ஏறத்தான் செய்யும். இன்சுலினுக்கே சேத்து வைக்கற குணமும் உண்டு. போதாததுக்கு லோ சுகர் ஆயிருமோன்னு பயந்து அவங்க பாட்டுக்கு பிஸ்கட் சாப்பிடறது வேற. அப்பாவ இன்சுலின நிறுத்த விடாதீங்க, டாக்டர்கிட்ட இதையே கேளுங்க, சேத்து வேற மருந்து போட்டு இன்சுலின் அளவ குறைக்க முடியுமான்னு.

மருந்துக்கு மருந்து எடை விஷயத்துல வித்தியாசம் இருக்கு. கிளிமிபிரைட், பயோகிளிட்டசோன், இன்சுலின் இதெல்லாம் எடை ஏத்தும். மெட்ஃபார்மின் ஏத்தாது, சிலருக்கு லேசா எறக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரைய ஒண்ணுக்குலயே வெளிய தள்ளற மருந்து, ரெண்டு மூணு கிலோ குறையும், அந்த எடத்துல பூஞ்சை அரிப்பு வரலாம், சுத்தமா வச்சுக்கணும். அப்பறம் எடைய எறக்கற, இப்ப ஊரே பேசற ஊசிங்க இருக்கு.


டொரண்டோ_பனங்காய்:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. எனக்கு ரெண்டாவது பிள்ளை வயித்தில இருக்கேக்க சீனி வருத்தம் வந்தது, பிள்ளை பிறந்தாப்பிறகு போட்டுது எண்டு நானும் விட்டிட்டன். பிள்ளைப்பெறுவில ஏறின எடை இறங்கேல்ல, ஏழு வருசத்தால திரும்ப வந்திட்டுது. வயித்தில பிள்ளை இருக்கேக்க சீனி வந்த ஆக்கள் போட்டுது எண்டு நினைக்காமல் வருசா வருசம் பாக்க வேணும், இதை வாசிக்கிற பொம்பிளையள் ஆரும் இருந்தா உங்களுக்குத்தான் சொல்லுறன்.

தம்பி, உங்கட 162ஐ 18ஆல பிரிச்சா இங்கத்தைய கணக்கில 9 வரும். ஆராவது கனடா, லண்டன் வீடியோ பாத்து 7 எண்டா நல்லம் எண்டு சொன்னா குழம்பாதேங்கோ.

எனக்கு இப்ப செமாகுளுடைட் ஊசிதான், கிழமைக்கு ஒண்டு. பசி குறைஞ்சு எடையும் சீனியும் ரெண்டும் இறங்கினது உண்மை. ஆனா கொழுப்போட தசையும் சேந்து குறையுது, டொக்டர் பாரம் தூக்கச் சொல்லி, புரதம் கூடச் சாப்பிடச் சொல்லி ஒரே ஆக்கினை. நிப்பாட்டினா எடை திரும்ப ஏறும் எண்டும் சொல்லிப் போட்டினம்.


சேலத்து_மாம்பழம்:

என் கதையும் சொல்லிடறேன், பிரயோஜனப்படலாம். நான் 88 கிலோ, கிளிமிபிரைட் மெட்ஃபார்மின் சேந்த மாத்திரை ரெண்டு வருஷமா. சாதத்தை பாதியாக்கி, ராத்திரி ஏழரைக்குள்ள சாப்பாடு, காலைல கருப்பூர் பக்கம் நடைன்னு ஆரம்பிச்சேன். எடை எறங்க ஆரம்பிச்சதும் ஒரு நாள் மத்தியானம் கை நடுங்கி வேர்த்து ஊத்திருச்சு, குத்திப் பாத்தா 58. 70க்கு கீழ போனாலே லோ சுகர். மாத்திரை பழைய சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி வேலை செஞ்சுட்டு இருக்கு, சாப்பாடு மட்டும் மாறிப்போச்சு. டாக்டர் உடனே கிளிமிபிரைட்ட நிறுத்துனாரு, அப்பறம் மெட்ஃபார்மின பாதி, அப்பறம் அதுவும் இல்ல. 76 கிலோல ஏ1சி 6.0 மாத்திரையே இல்லாம.

அப்பறம் வீட்டுல ரெண்டு கல்யாணம், மழைல நடை நின்னு போச்சு, 80 ஆச்சு, வெறும் வயித்துல 118. திரும்ப 77க்கு வந்தேன், 100க்கு கீழ வந்துருச்சு. மேல அவங்க சொன்ன அந்தக் கோடு எனக்கு 78ல இருக்குன்னு எனக்கே தெரியுது. டாக்டர் இதை குணமாயிருச்சுன்னு சொல்லமாட்டேங்கறாரு, அடங்கியிருக்குன்னுதான் சொல்றாரு, மாத்திரை இல்லன்னாலும் வருஷாவருஷம் கண்ணு, காலு, கிட்னி பாக்கணும்ங்கறாரு. நூல்கண்டு சாரு வெறும் மெட்ஃபார்மின்தான் போடறாரு, அதுல லோ ஆகறது அபூர்வம், பயப்பட வேண்டியதில்ல. வேற மாத்திரை சேத்தா மட்டும் சாப்பாட்ட குறைக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.


வெந்தயக்கீரை:

எல்லாரும் டாக்டர் ஏஜென்டு மாதிரி பேசறீங்க. ராகிக் கூழ் பத்தி சொன்னதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.


தட்டுல_பாதி:

சொல்றேங்க. ராகி நல்ல தானியம், கால்சியம் நெறய. ஆனா அதுவும் மாவுச்சத்துதான். நல்லா நைஸா அரைச்சு, கொதிக்க வச்சு, கூழாக்கி மடக் மடக்னு குடிச்சா அரிசிக் கஞ்சிக்கும் அதுக்கும் ரத்தத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. அதையே களியாவோ அடையாவோ அளவா, கூட கீரை, முட்டை, சுண்டல்னு வச்சு சாப்பிட்டா பரவால்ல. கம்பு, சாமை எல்லாத்துக்கும் இதே கதைதான். சிறுதானியம்னு சொல்லிட்டு தட்டு நெறய போட்டுக்கறவங்கதான் எங்கிட்ட அதிகமா வர்றாங்க. வெந்தயம் கொஞ்சம் உதவும், நார்ச்சத்து இருக்கு, மாத்திரைக்கு பதிலா ஆகாது.

நம்ம நாட்டுல சாப்பிடற கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்துதான் வருதுன்னு ஐசிஎம்ஆர் சர்வேலயே இருக்கு. காலைல இட்லி, மத்தியானம் சாதம், சாயங்காலம் டீயும் பன்னும், ராத்திரி தோசைன்னா புரதம் எங்க இருக்கு சொல்லுங்க. சாம்பார்ல நாலு பருப்பு மிதக்கறது கணக்குல வராது. தட்டுல பாதி காய், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி ஏதோ ஒண்ணு, கால் பங்கு சாதம். மொதல்ல காயும் முட்டையும், கடைசில சாதம். கொங்குப் பக்கம் கொள்ளு இருக்கு, தட்டப்பயறு இருக்கு, செலவே கெடையாது.

நூல்கண்டு சார், உங்களுக்கு முக்கியம் தசை. சாப்பிட்டப்பறம் ரத்தத்துல ஏறற சர்க்கரைய இன்சுலின் வச்சு உள்ள இழுக்கறதுல பெரும்பங்கு தசைதான். ஒல்லியா இருக்கறவங்களுக்கு அதுவும் கம்மி, கொழுப்பு ஒரு பக்கம் அதிகம் தசை ஒரு பக்கம் குறைவு, ரெண்டு பக்கமும் அடி. அண்ணன் தறில நாள் முழுக்க நிக்கறாருல்ல, அவரு தசை வேலை செஞ்சுட்டே இருக்கு. சாப்பிட்டு முடிச்சதும் சேர்ல சாயாம பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, பையர் கால நடந்துட்டே பேசுங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் உக்காந்து எந்திரிக்கறது, சுவத்துல கை வச்சு தண்டால், தண்ணிக் கேன் தூக்கறது, ஜிம்முக்கு போய்த்தான் ஆகணும்னு இல்ல. எடை 66ல இருந்து 62 ஆச்சான்னு மட்டும் பாக்காதீங்க, 64ல நின்னாலும் இடுப்பு 94 போய் 86க்கு வந்தா நான் சந்தோசப்படுவேன். உயரத்துல பாதிக்குள்ள இடுப்பு இருக்கணும்ங்கறது ஒரு சுலபமான கணக்கு, உங்களுக்கு 84.

ராத்திரி பத்து மணிச் சாப்பாடு மட்டும் எனக்கு உறுத்துது. கால் வருதுன்னா ஏழரைக்கே சாப்பிட்டுட்டு காலுக்கு உக்காருங்க.


நெல்லை_சீமை:

ஒரு விசயம் யாரும் சொல்லல. எங்க சித்தி, வயசு 63, சுகரே இல்லாதவ, திடீர்னு 240 வந்து எடையும் மடமடன்னு எறங்கிட்டு. சுகரு வந்தா எளைக்கத்தான் செய்யும்னு சொந்தக்காரங்கல்லாம் சொன்னாவ. டாக்டர் விடல, வயித்த ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, கணையத்துல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சப்புறந்தான் மூச்சு வந்துச்சு. வயசானவங்களுக்கு புதுசா சுகரும் வந்து எடையும் காரணமில்லாம எறங்குனா கணையத்த ஒரு தடவை பாத்துக்கிடணும்னு அவரு சொன்னாரு. நூல்கண்டுக்கு வயசு 41தான், பயமுறுத்துறதுக்கு சொல்லல.


ஊசிகுத்தும்_அக்கா:

அது சரிதான். இதுல இன்னொண்ணையும் சேத்துக்கிறேன். ஒல்லியா இருக்கறவங்க, எடை தானா எறங்குது, மாத்திரை போட்டும் சுகர் அடங்கலன்னா அது சாதாரண டைப் 2தானான்னு பாக்க ரெண்டு டெஸ்ட் இருக்கு, சி-பெப்டைடு, காட் ஆன்டிபாடி. உடம்பு இன்சுலின் சுரக்குதா, இல்ல சொந்த எதிர்ப்பு சக்தியே கணையத்தோட சண்டை போடுதான்னு தெரியும். பெரியவங்களுக்கும் அந்த மாதிரி மெதுவா வர்றது உண்டு, அதுக்கு எடை குறைக்கறது மருந்து இல்ல, இன்சுலின்தான். உங்களுக்கு தொப்பை, ஃபேட்டி லிவர், அப்பாவுக்கு சுகர்னு எல்லாம் டைப் 2 பக்கந்தான் காட்டுது, அதனால இப்பவே காசு செலவு பண்ண வேண்டாம். மாத்திரை ஆரம்பிச்சும் எடை எறங்கிட்டே இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட இந்த ரெண்டு டெஸ்ட் பேரையும் சொல்லிக் கேளுங்க.


நூல்கண்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தலைகீழா இருக்குன்னு நெனச்சது இப்பத்தான் நேராச்சு. மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு, ராத்திரி எந்திரிக்கறது நின்னு போச்சு, எடை அதே 66ல நிக்குது. அம்மாகிட்ட எடை குறைக்கறேன்னு சொல்றதை விட்டுட்டேன், தொப்பைய குறைக்கறேன்னு சொன்னேன், அதுக்கு சரின்னுட்டாங்க. கொள்ளு ரசமும் தட்டப்பயறும் வாரம் பூரா ஓடுது. அண்ணன்தான் டெஸ்டுக்கு வரமாட்டேங்கறாரு, நல்லா இருக்கற ஒடம்ப எதுக்கு நோண்டறேங்கறாரு.

கடைசியா ஒரு சந்தேகம். ஏ1சி அடுத்து எப்ப எடுக்கறது? அடுத்த மாசமே எடுத்தா தெரியுமா? வீட்டுக்காரிக்கும் சேத்து பாக்கலாம்னு இருக்கேன், அவளுக்கு ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கா.


ஊசிகுத்தும்_அக்கா:

அடுத்த மாசம் எடுத்தா காசுதான் வேஸ்ட். ஏ1சி ரெண்டு மூணு மாசத்து சராசரி, மூணு மாசம் கழிச்சு எடுங்க. நடுவுல வேணும்னா வெறும் வயித்துலயும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துலயும் பாத்துக்கலாம். மொதக் கவளம் வாய்ல வச்சதுல இருந்து ரெண்டு மணி நேரம், சாப்பிட்டு முடிச்சதுல இருந்து இல்ல, நெறய பேரு இங்க தப்பு பண்றாங்க. டெஸ்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும் பத்தியமா ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வராதீங்க, எப்பவும் சாப்பிடறத சாப்பிட்டுட்டு வாங்க.

வீட்ல உங்க மிஸஸுக்கு ஏ1சிய மட்டும் நம்பாதீங்க. இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகை இருந்தா ஏ1சி உள்ளதை விட கூட காட்டும், இரும்பு மாத்திரை போட ஆரம்பிச்சா அது பாட்டுக்கு எறங்கும், சுகர் குறைஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அவங்களுக்கு வெறும் வயிறு, சாப்பிட்டப்பறம் ரெண்டையும் எடுங்க, கூட ஹீமோகுளோபினும். அண்ணன் வரலைன்னா அண்ணிகிட்ட சொல்லுங்க.